பெருங்குடற் புற்றுநோயின் அறிகுறிகள்

நம் உடலுறுப்புக்களுட் சிலவற்றைப்பற்றிப் பேசுதற்கு நாம் தயங்குவதில்லை. சிலவற்றைப்பற்றி வாய்திறத்தற்கே நாணுகின்றோம். இருதயத்தில் நோவு கண்டால் ஊரறியச் சொல்லுகின்றோம். கண் மங்கினால் அயலவரிடம் முறையிடுகின்றோம். மலம் கழிக்கும் இடத்தில் ஏதேனும் துன்பம் தோன்றினாலோ இல்லாளிடத்தும் மறைக்கின்றோம். இக்கூச்சம் பண்பின்பாற் பட்டதாகத் தோன்றினும், ஒரு நோயின் வகையில் உயிரையே கொள்ளை கொள்வதாய் முடிகின்றது. அந்நோயே பெருங்குடற் புற்றுநோய்.

உலகம் முழுவதிலும் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது; அவ்வாண்டில் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் இதனால் மாண்டனர். புற்றுநோயால் நேரும் மரணங்களில் நுரையீரற் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கே உரியது. இலங்கையிலும் ஆண் பெண் இருபாலாரிடத்தும் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் இஃதொன்று. ஆயினும், காலத்தோடு கண்டுகொண்டால் முற்றாகக் குணப்படுத்தத்தக்க புற்றுநோய்களுள்ளும் இஃதொன்றென்பதைப் பலர் அறியார். காலத்தோடு காண்பதற்கு நோயாளி வாய்திறத்தல் வேண்டும். வாய்திறப்பதற்கு எவ்வெவற்றைச் சொல்லவேண்டும் என்று அறிதல் வேண்டும். யான் வைத்தியனல்லேன், ஆசிரியன். ஆதலின், இன்ன நோய் இதுவெனத் தீர்மானிக்கும் பணியை வைத்தியர்க்கே விட்டு, அவரிடம் எக்குறிகளைக் கண்டு எப்போது செல்லவேண்டும் என்பதை மட்டும் ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

அறிகுறிகளை விளங்கிக்கொள்ளுதற்குப் பெருங்குடலின் அமைப்பை முதற்கண் அறிதல் நன்று. நாம் உண்ட உணவு ஏறத்தாழ 6 மீட்டர் நீளமான சிறுகுடலிற் சமிபாடடைந்தபின், எஞ்சிய பகுதி கூழ்போன்ற நிலையில் வயிற்றின் வலப்புறத்தே பெருங்குடலை அடைகின்றது. பெருங்குடலின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அது குருட்டுக்குடலிலே தொடங்கி, வலப்புறத்தில் மேனோக்கிச் சென்று ஏறுகுடல் எனவும், வயிற்றின் குறுக்கே சென்று குறுக்குக்குடல் எனவும், இடப்புறத்திற் கீழ்நோக்கி வந்து இறங்குகுடல் எனவும், பின்னர் வளைந்து நெளிகுடல் எனவும், ஈற்றில் நேர்குடல் எனவும் பெயர்பெறும். இவ்வழியெங்கும் நீர் உறிஞ்சப்படுகின்றது. வலப்புறத்தே கூழாக இருந்தது இடப்புறத்தை அடையும்போது திண்மையாகின்றது. இச்சிறு உண்மையை நினைவில் வைத்தல் வேண்டும். நோயின் குறிகள் ஆளுக்காள் வேறுபடுவதன் காரணம் பெரும்பாலும் இதிலேயே அடங்கியுள்ளது.

இந்நோய் ஓரிரவிற் தோன்றுவதன்று. குடலின் உட்சுவரை மூடியிருக்கும் இழையத்தில் முதலிற் சிறு சதைமுளையொன்று எழும். வயது முதிர்ந்தோர் பலரிடத்து இத்தகைய முளைகள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு தீங்கும் செய்யா. சிலவற்றில் மட்டும் கலங்களின் பரம்பரைப் பொருளில் மாற்றங்கள் ஒன்றன்மேலொன்றாகச் சேர்ந்து, அவை கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குகின்றன. சிறுமுளை புற்றாக மாறுதற்குப் பெரும்பாலும் பத்தாண்டளவு செல்லும். பின்னர் அது குடற்சுவரைத் துளைத்து, அருகிலுள்ள நிணநீர்க்கணுக்களை அடைந்து, முடிவில் ஈரல், நுரையீரல் முதலிய தூரத்து உறுப்புக்களிற் குடியேறுகின்றது.

இப்படிநிலைகளின் முக்கியத்துவத்தை நன்கு எடுத்துக்காட்டியவர் இலண்டன் சென்ற் மார்க்ஸ் வைத்தியசாலையில் நோய்க்குறியியல் அறிஞராயிருந்த கத்பேட் டியூக்ஸ் என்பவர். சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்ட நேர்குடற் புற்றுக்களை ஆராய்ந்து, 1932ஆம் ஆண்டில் அவற்றை மூன்றாக வகுத்தார். குடற்சுவருக்குள் அடங்கியது முதலாவது. சுவரைக் கடந்தது இரண்டாவது. நிணநீர்க்கணுக்களை அடைந்தது மூன்றாவது. நோயாளியின் எதிர்காலம் இவ்வகுப்பையே பெரிதும் சார்ந்துள்ளதென அவர் கண்டார். இன்று வகுக்கும் முறை விரிவடைந்துள்ளதேனும் அடிப்படை மாறவில்லை. இங்கிலாந்தின் கணக்குப்படி, முதல்நிலையிற் கண்டுபிடிக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். தூரத்து உறுப்புக்களுக்குப் பரவியபின் கண்டுபிடிக்கப்பட்டோரிலோ பத்தில் ஒருவர் அளவினரே அவ்வாறு வாழ்கின்றனர். நோய் ஒன்றே; வேறுபட்டது காலம்.

இனி அறிகுறிகளைத் தனித்தனியே நோக்குவோம். அவற்றுள் முதன்மையானது மலத்தோடு குருதி வெளிப்படுதல். நேர்குடலிலோ நெளிகுடலிலோ புற்று இருப்பின் குருதி செந்நிறமாக மலத்தின்மீது படிந்தோ மலத்தோடு கலந்தோ வரும். சிலவேளை சீதமும் உடன் வரும். குருதியைக் கண்டவுடன் நம்மவர் மனத்தில் எழும் முதற்சொல் மூலம் என்பதே. பெரும்பாலும் அஃது உண்மையுமாகும். மூலநோய் மிகப் பரவலானது, உயிருக்கு ஊறு செய்யாதது. ஆபத்து யாதெனில், மூலம் உள்ள ஒருவர்க்குப் புற்றும் இருத்தல் கூடும் என்பதே. மூலத்தாற் போகும் குருதி பொதுவாகப் பிரகாசமான செந்நிறமாய், மலங்கழித்தபின் சொட்டுச் சொட்டாக வீழும். அவ்விடத்தில் அரிப்போ நோவோ இருக்கலாம். அரிப்பும் நோவும் இன்றிக் குருதி போதல், கருஞ்செந்நிறக் குருதி போதல், மலங்கழிக்கும் வழக்கம் மாறியதோடு குருதியும் போதல் ஆகியவை மேலும் ஐயுறத்தக்கவை. ஆயினும் இவ்வேறுபாடுகளைக்கொண்டு தாமே முடிவுகட்டுதல் தகாது. கண்ணாற் காணும் குருதியின் நிறத்தைக்கொண்டு உள்ளிருக்கும் புண்ணை எவரும் உறுதியாக அறிதல் இயலாது.

என்னோடு ஒரே ஆசிரியர் அறையிற் பலவாண்டுகள் இருந்த நண்பர் ஒருவரை இவ்விடத்து நினையாதிருக்க முடியவில்லை. அவர் தமிழ் இலக்கணம் கற்பிப்பதில் வல்லவர். ஒரு மாணவன் ஒரு சொல்லைத் தவறாக உச்சரிப்பினும் பொறுக்கமாட்டார். அவருக்குக் குருதி போகத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியும் எவரிடமும் அதனைச் சொல்லவில்லை. மூலம் என்று தாமே தீர்மானித்து, கருணைக்கிழங்கைக் கறியாக்கி உண்டும், கடையில் வாங்கிய குளிகைகளை விழுங்கியும் காலங்கடத்தினார். இடையிடையே குருதி நின்றபோதெல்லாம் மருந்து பலித்ததென்று மகிழ்ந்தார். புற்றிலிருந்து கசியும் குருதியும் அவ்வாறு விட்டுவிட்டே வரும் என்பதை அவர் அறியார். அன்று யானும் அறியேன். ஈற்றில் வைத்தியசாலைக்குச் சென்றபோது நோய் ஈரலை அடைந்திருந்தது. வாழ்நாளெல்லாம் சொற்களைக் கையாண்ட ஒருவர் ஒரு வாக்கியத்தைச் சொல்ல நாணியமையால் நம்மைவிட்டு நீங்கினார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்நினைவே.

இரண்டாவது அறிகுறி மலங்கழிக்கும் வழக்கத்தில் நேரும் மாற்றம். நாளொன்றுக்கு இருமுறை வெளிக்குப் போதல் ஒருவர்க்கு இயல்பு. இருநாளுக்கு ஒருமுறை போதல் மற்றொருவர்க்கு இயல்பு. ஆதலின் பொதுவான அளவுகோல் ஒன்று இல்லை. அவரவர் தமது இயல்பையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். முன்னில்லாத வகையில் மலம் அடிக்கடி இளகிப் போதல், அல்லது புதிதாக மலச்சிக்கல் தோன்றுதல், அல்லது இவ்விரண்டும் மாறிமாறி வருதல், மலம் வழக்கத்தைவிட ஒடுங்கி மெலிந்து வருதல் ஆகியன மூன்று வாரங்களுக்கு மேல் நீடிப்பின் வைத்தியரிடம் கூறவேண்டும். இடப்புறத்துக் குடலில் மலம் திண்மையாக இருத்தலால், அவ்விடத்தே புற்று வளர்ந்து வழியை ஒடுக்கும்போது இத்தகைய மாற்றங்கள் தோன்றுகின்றன. நேர்குடலிற் புற்று இருப்பின், மலங்கழித்த பின்னரும் இன்னும் மலம் எஞ்சியிருப்பதுபோன்ற உணர்வு விடாது தோன்றும். மீண்டும் சென்றாலோ ஒன்றும் வெளிப்படாது. அங்கிருப்பது மலமன்று, கட்டி. மலச்சிக்கலெனக் கருதி வாரந்தோறும் பேதிமருந்து உட்கொள்வோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

மூன்றாவது அறிகுறி, குடலோடு தொடர்புடையதாகவே தோன்றாதது. அதனாற்றான் அது பெரிதும் ஏமாற்றுகின்றது. வலப்புறத்துக் குடல் அகன்றது. அங்கு உள்ளிருப்பது கூழ். ஆகவே அங்கே புற்று வளரினும் நெடுநாள்வரை வழி அடைபடுவதில்லை; மலங்கழிக்கும் வழக்கம் மாறுவதில்லை. புற்றிலிருந்து குருதி நாள்தோறும் சிறிதுசிறிதாகக் கசிந்து கூழோடு கலந்துவிடுகின்றது, கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதக்கணக்காக இவ்வாறு குருதி இழக்கப்படுதலால் உடலின் இரும்புச்சத்துக் குறைந்து குருதிச்சோகை உண்டாகின்றது. படியேறினால் மூச்சு வாங்குதல், காரணமின்றிக் களைத்தல், முகமும் உள்ளங்கையும் வெளிறுதல், நெஞ்சு படபடத்தல் என்பவற்றை, வயது போகின்றது, வேலை மிகுந்துவிட்டது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளுகின்றோம். மாதவிடாய் உள்ள பெண்களிடத்து இரும்புச்சத்துக் குறைவுக்கு வேறு காரணம் எளிதிற் கிட்டும். ஆணொருவரிடத்திலோ மாதவிடாய் நின்ற பெண்ணிடத்திலோ இக்குறைவு காணப்படின், அதற்கு இரும்புக்குளிகை கொடுத்தல் மட்டும் போதாது. குருதி எங்கே ஒழுகுகின்றதென்று தேடுதல் வேண்டும். ஒழுகும் பானையில் நீர் வார்த்துக்கொண்டிருத்தலாற் பயன் யாது?

இவையன்றி, முயலாமலே உடல் மெலிதல், பசி குன்றல், உணவுண்டபின் வயிறு முறுக்கி வலித்தல், வயிறு உப்பியிருத்தல், வயிற்றைத் தடவும்போது கட்டியொன்று கைக்குப் படுதல் என்பனவும் குறிகளாகும். ஓர் அறிகுறியேனும் இன்றி நோய் வளர்தலும் உண்டு. வயிறு பெரிதும் வீங்கி, கடும் வலியும் வாந்தியும் தோன்றி, மலமும் வாயுவும் முற்றாக நின்றுவிடுமாயின், குடல் அடைபட்டிருத்தல் கூடும். அந்நிலையிற் காலை வரட்டும் என்று காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மிகுதியாகக் குருதி பெருகுதலும், தார்போற் கரிய மலம் போதலும் அவ்வாறே விரைந்து கவனிக்கத்தக்கவை. இரும்புக்குளிகை உண்போர்க்கு மலம் கறுத்தலும், பீற்றூட் கிழங்கை உண்டோர்க்குச் சிவத்தலும் இயல்பே; ஆயினும் ஐயமுளதாயிற் கேட்டுத் தெளிதலே முறை.

இந்நோய் பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தோரையே பற்றுகின்றது. ஆயினும் அண்மைக் காலத்திற் பல நாடுகளிலே ஐம்பதுக்குட்பட்டோரிடமும் பெருகி வருகின்றது. பிளாக் பாந்தர் என்னும் திரைப்படத்தால் உலகப் புகழ்பெற்ற அமெரிக்க நடிகர் சட்விக் போஸ்மனுக்கு 2016ஆம் ஆண்டில் இந்நோய் மூன்றாம் நிலையிற் காணப்பட்டது. நான்காண்டுகள் சிகிச்சைபெற்றுக்கொண்டே நடித்த அவர், 2020 ஓகஸ்ட் 28இல் தம் 43ஆவது வயதில் மறைந்தார். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், அறிகுறியற்றோரையும் பரிசோதிக்கத் தொடங்கும் வயதை 2018ஆம் ஆண்டில் 50இலிருந்து 45 ஆகக் குறைத்தது. ஆகவே, இளம்வயதினன், உரமான உடலினன் என்பது கொண்டு எவரும் மேற்கூறிய குறிகளைப் புறக்கணித்தலாகாது.

குடும்ப வரலாறும் கருதத்தக்கது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து நோய்க்குறியியற் பேராசிரியர் அல்டிறெட் வார்தின் என்பவரிடம், 1895ஆம் ஆண்டிலே தையற்காரப் பெண்ணொருத்தி, தன் குலத்தார் பலர் வயிற்றிலும் குடலிலும் கருப்பையிலும் புற்று வந்தே மாண்டனர் எனவும், தானும் அவ்வாறே மாள்வாள் எனவும் துயரத்தோடு கூறினாள். பின்னர் அவள் கருப்பைப் புற்றுநோயால் இளமையிலேயே இறந்தாள். அவளுடைய குடும்பத்தை ஆராய்ந்து வார்தின் 1913இல் எழுதிய கட்டுரை, பிற்காலத்து ஹென்றி லிஞ்ச் என்னும் வைத்தியர் தொடர்ந்த ஆய்வுகளுக்கு வழிகாட்டியது. அவர் பெயராலேயே வழங்கும் அப்பரம்பரைக் குறைபாடு, பெற்றோரில் ஒருவரிடம் இருப்பின் பிள்ளை ஒவ்வொன்றும் அதனைப் பெறுதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. பெரும்பாலான நோயாளரிடத்து இத்தகைய பரம்பரைக் குறைபாடு இல்லை. ஆயினும், தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோருள் எவர்க்கேனும் இந்நோய் வந்திருப்பின், அதனை வைத்தியரிடம் தாமாகவே கூறல் கடன். நம் குடும்பங்களில், வயிற்றில் வருத்தம் வந்து செத்தவர் என்று பொதுப்படச் சொல்லி நோயின் பெயரை மறைத்தல் வழக்கம். அம்மறைப்பு அடுத்த தலைமுறைக்குத் தீங்காகலாம்.

வைத்தியரிடம் சென்றால் நிகழ்வது யாது என்ற அச்சமும் பலரைத் தடுக்கின்றது. அவர் முதலிற் சில கேள்விகளைக் கேட்பார். வயிற்றைத் தடவிப் பார்ப்பார். கையுறை அணிந்த விரலால் நேர்குடலைச் சோதிப்பார். இச்சோதனை ஒரு நிமிடமும் எடுக்காது. நேர்குடலின் கீழ்ப்பகுதியிலுள்ள கட்டி பலவேளை விரலுக்கே தட்டுப்படும். குருதிச்சோகை உண்டோ என்று குருதியைச் சோதிக்கவும், கண்ணுக்குத் தெரியாத குருதி கலந்துளதோ என்று மலத்தைச் சோதிக்கவும் அனுப்பலாம். ஐயம் நீடிப்பின் கொலொனொஸ்கொப்பி என வழங்கும் அகநோக்கிப் பரிசோதனை செய்யப்படும். முதல்நாள் மருந்தருந்திக் குடலைத் துப்புரவாக்கியபின், விளக்கும் ஒளிப்படக்கருவியும் பொருந்திய வளையத்தக்க மெல்லிய குழாயொன்றைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் நேரிற் காண்பர். ஐயத்துக்குரிய இடத்திலிருந்து சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கியே புற்றோ அன்றோ என்று துணிவர். நியூயோர்க் நகரில் ஹிரோமி சின்யா என்னும் சத்திரவைத்தியர் 1969ஆம் ஆண்டில் இக்குழாயின் வழியே கம்பித்தடத்தைச் செலுத்திச் சதைமுளையை அறுத்தெடுத்தார். அன்றுதொட்டு, வயிற்றைக் கீறாமலே, புற்றாக மாறுமுன் முளையை அகற்றுதல் இயல்வதாயிற்று. நோயைக் காணும் கருவியே நோயைத் தடுக்கும் கருவியாகவும் அமைந்தது.

காலத்தோடு கண்டறிவதன் பயனுக்கு அமெரிக்க சனாதிபதி றொனால்ட் றேகனின் வரலாறு நல்ல சான்று. அவருடைய மலத்தில் மறைகுருதி காணப்பட்டது. குடலிற் சிறுமுளையொன்றும் காணப்பட்டது. அம்முளையை அகற்றுதற்காக 1985 யூலை 12இல் பெதெஸ்தா கடற்படை வைத்தியசாலைக்குச் சென்றார். அப்போது அகநோக்கியை முழுமையாகச் செலுத்திப் பார்த்தபோது, குருட்டுக்குடலில் ஏறத்தாழ 5 சதமீட்டர் அளவான வேறொரு வளர்ச்சி இருத்தல் தெரிந்தது. மறுநாளே சத்திரசிகிச்சையால் அப்பகுதி அகற்றப்பட்டது. அது புற்றென்று உறுதியாயிற்று, நிணநீர்க்கணுக்களுக்கோ பரவியிருக்கவில்லை. அப்போது அவர்க்கு வயது 74. அதன்பின் சனாதிபதிப் பதவிக்காலத்தை முடித்து, 2004ஆம் ஆண்டில் 93ஆவது வயதில் வேறு நோயால் இறந்தார். நாட்டின் தலைவரது குடலைப்பற்றிய செய்தி நாளேடுகளின் முதற்பக்கத்தில் வெளிவந்தது. அதனால் அவருடைய மதிப்புக் குறைந்ததாக எவரும் கூறவில்லை.

நோய் வராது காத்தற்கும் சில வழிகள் உண்டு. புகையிலையையும் மதுவையும் நீக்குதல், உடல் பருக்காது பேணுதல், நாள்தோறும் நடத்தல், தீட்டாத அரிசி, குரக்கன், பயறு, கீரை, காய்கனி முதலிய நார்ச்சத்துள்ள உணவுகளை உண்ணுதல் என்பன ஆபத்தைக் குறைக்கும். பதனிட்ட இறைச்சி வகைகள் இந்நோயை உண்டாக்கவல்லன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. எனினும் நல்லொழுக்கமும் சைவ உணவும் உடையோர்க்கு இந்நோய் வராது என்று நம்புதல் தவறு. என் நண்பர் பிறவியிலிருந்தே சைவ உணவினர்.

மேலே கூறிய குறிகளைக் காண்போரிற் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் இராது. மூலமோ, ஆசனவாயில் வெடிப்போ, குடலழற்சியோ, வேறு எளிய காரணமோ காணப்படலாம். அவற்றுக்கும் நல்ல மருந்து உண்டு. ஆகவே அச்சத்தால் நடுங்கவும் வேண்டா. அலட்சியத்தால் உறங்கவும் வேண்டா. நம் அரசினர் வைத்தியசாலைகளிற் பரிசோதனைக்குப் பணம் கேட்பதில்லை. தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கெனப் பிரிவு உண்டு. தடையாக நிற்பது பெரும்பாலும் நம் நாவே.

ஆசிரியர்களே, மாணவர்களே, இக்கல்லூரியை விட்டுச்சென்று குடும்பத்தலைவர்களாய் விளங்கும் பழைய மாணவர்களே! உங்கள் இல்லத்தில் முதியவர் ஒருவர் அண்மையிற் களைத்து வெளிறியிருப்பின், அல்லது மலசலகூடத்தில் நெடுநேரம் இருந்து வருவாராயின், அவரிடம் அன்போடு கேளுங்கள். உங்களுக்கே அத்தகைய குறி தோன்றின், வைத்தியர் முன்னே அமர்ந்து, 'எனக்கு வெளிக்குப் போகும்போது இரத்தம் போகின்றது' என்று கூறுங்கள். அவ்வொரு வாக்கியத்தை என் நண்பர் ஓராண்டு முன்னே கூறியிருந்தால், இவ்வாண்டு மலரில் இலக்கணக் கட்டுரையொன்று அவர் பெயரோடு வெளிவந்திருத்தல் கூடும்.